புளி போட்டுத் தேய்த்த எடைக்கற்கள்

1942 மே 12, செவ்வாய்

காலையிலிருந்து மழை. பிரிக்பீல்ட்ஸில் மழை பெய்தால் முதலில் முழுகுவது எங்கள் வீட்டு வரிசைதான். வடிகால் நிரம்பி வாசல்படி வரைக்கும் வந்துவிட்டது. அவர் கொண்டுவந்த கல் பெட்டியை இழுத்துக் கட்டில் மேல் ஏற்றினேன், இடுப்பு விட்டுப்போச்சு. பெரிய புத்தகத்தையும் எடைப் பெட்டியையும் தலையணைப் பக்கம் வைத்தேன். இப்போது எனக்குத்தான் இடம் இல்லை.

இந்த நோட்டு அவருக்கு ஆபீசில் கொடுத்தது. ஒரு பக்கம்கூட எழுதவில்லை. கான்வென்ட்டில் மூன்று வருஷம் படித்த தமிழை வைத்துக்கொண்டு நான் எழுதுகிறேன். தப்பு இருந்தால் இருக்கட்டும், யார் பார்க்கப் போகிறார்கள்.

மே 13

நேற்று எழுதியது நன்றாகத்தான் இருந்தது. இன்றும் எழுதுகிறேன்.

அவர் சோதனை ஆபீசில் பத்தொன்பது வருஷம் வேலை. ஈயம் தோண்டும் லம்பத்துக்காரர்கள் கொண்டுவரும் மண்ணையும் கல்லையும் சோதித்து, உள்ளே என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று சொல்லும் ஆபீஸ். அவர் கெமிஸ்ட் இல்லை. அடுப்பு மூட்டுவது, குப்பி கழுவுவது, தராசைத் துடைப்பது. ஆனால் பெரிய கெமிஸ்ட் பெய்ன்ஸ் துரை வீட்டுக்குப் போன பிறகு எல்லாவற்றையும் பூட்டிச் சாவியை எடுத்துவருவது அவர்தான்.

ஜனவரியில் வெள்ளைக்காரன் ஊரை விட்டு ஓடினான், ஜப்பான்காரன் இன்னும் வரவில்லை. நடுவில் இரண்டு நாள் ஊரே கொள்ளை. எங்கள் தெருவில் அரிசி மூட்டை, பால் டின், துணிக்கட்டு. ஒரு ஆள் பியானோவைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தார், வாசற்படியில் ஏறவில்லை, அங்கேயே விட்டுவிட்டார். எல்லோரும் டவுனிலிருந்து வரும்போது எங்கள் வீட்டுக்காரர் மட்டும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு டவுனுக்குள் போனார். மூன்று நடை. முதல் நடையில் அந்தப் பெரிய புத்தகம். இரண்டாவதில் கல் பெட்டி. மூன்றாவதில் எடைப் பெட்டி. ஆபீஸ் தரையெல்லாம் கண்ணாடியை உடைத்துப் போட்டிருந்தார்களாம். செருப்பைப் பிய்த்துக்கொண்டு காலில் ஏறிவிட்டது.

பன்னிரண்டாம் நாள் வாய் பூட்டிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் ஊசி மருந்து இல்லை என்றார்கள்.

ஒரு பால் டின்கூடக் கொண்டுவரவில்லை. ஒரே ஒரு டின்.

மே 20

பக்கத்து வீட்டுத் தனலெட்சுமி ஆட்டுக்குத் தழை ஒடிக்க வந்தவள் ஜன்னல் வழியே கட்டிலைப் பார்த்தாள். “ஏண்டி மேரி, ஊரே அரிசியைத் தூக்கிச்சு, உன் புருஷன் கல்லைத் தூக்கினான். அந்தக் கல்லையும் நீ மெத்தையில படுக்க வச்சிருக்கியா? தாலாட்டு பாடலியா?” என்றாள்.

கதவைச் சாத்திக்கொண்டேன். சாயங்காலம் ஒரு கிண்ணம் ஆட்டுப்பால் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

ஜூன் 7, ஞாயிறு

பூசை முடிந்து வந்து பெட்டியைத் திறந்தேன். நாற்பத்தொரு கல். ஒவ்வொன்றோடும் ஒரு சீட்டு, இங்கிலீஷ். எனக்கு நம்பர் மட்டும் தெரியும்.

சீட்டு படிக்கத் தெரியாவிட்டாலும் கல்லைத் தெரியும். சாப்பிடும்போது அவர் சொல்வதெல்லாம் இதுதானே. ஒன்றாம் நம்பர் கறுப்பு, அம்பாங் லம்பத்துக் கல், ஆபீஸ் திறந்த அன்றைக்கு முதன்முதலாகச் சோதித்தது. சீனத் தவுக்கே முதலாளி ஒருவர் தன் சட்டையிலேயே முடிந்து கொண்டுவந்தாராம். கையில் வைத்தால் கல்லுக்கு அடுக்காத கனம், குழந்தை தூங்கிவிட்டால் கனக்குமே அந்த மாதிரி. எங்களுக்குக் குழந்தை இல்லை, தங்கச்சி பிள்ளையைத் தூக்கிய ஞாபகம்.

பதினேழாம் நம்பர் மஞ்சளாக மின்னும். அவர் அதற்கு வைத்த பேர் ஏமாத்துக்காரி.

ஜூன் 9

தனலெட்சுமி ஏமாத்துக்காரியைப் பார்த்துவிட்டாள். “அடிப்பாவி, தங்கத்தை வச்சுக்கிட்டா ஊபிக்கிழங்கு தின்னுக்கிட்டு இருக்கே!”

உடைந்த பீங்கான் தட்டின் அடிப்பக்கத்தை எடுத்தேன். அவள் தோட்டை வாங்கி மெதுவாக ஒரு கோடு இழுத்தேன், மஞ்சள் கோடு. கல்லை இழுத்தேன், கரிக்கோடு. அவர் எனக்குச் செய்து காட்டியதுதான். தனலெட்சுமி இரண்டு கோட்டையும் விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு, “என் தோடு அசல்தான், அது போதும்” என்று வாங்கி மாட்டிக்கொண்டாள்.

அவர் போனபின் இன்றைக்குத்தான் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

ஜூலை 3

ரயில்வேயில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்ற கார்த்திகேசு ஐயா மூன்று வீடு தள்ளி இருக்கிறார், யாழ்ப்பாணத்து ஆள். அவரைக் கேட்டேன், சீட்டுகளைப் படித்துச் சொன்னார். எந்த ஊர்க் கல், யார் கொண்டுவந்தது, எந்த வருஷம், என்ன செய்து பார்த்தார்கள், என்ன கிடைத்தது. அந்தப் பெரிய புத்தகத்தில் இதே நம்பருக்கு முழு விவரம் இருக்கிறதாம். 1897-லிருந்து.

“பிள்ளை, கல்லில்லாமல் இந்தப் புத்தகம் வெறும் கதை. புத்தகமில்லாமல் இது வெறும் கல்லு. உம்மட மனுசன் ரெண்டையும் சேத்தெல்லோ கொண்டந்திருக்கிறார்” என்றார்.

அப்போதுதான் பயம் வந்தது. மழையில் சீட்டு இடம் மாறிவிட்டால்? ஒன்றாம் நம்பரோடு பத்தாம் நம்பர் சீட்டு போய்விட்டால்?

ஜூலை 11

அவர் சட்டை நாலு, காக்கிக் கால்சட்டை இரண்டு. வெட்டினேன். நாற்பத்தொரு சுருக்குப் பை. ஒவ்வொரு பையிலும் கல்லும் அதன் சீட்டும். வெளியே நூலால் நம்பர் தைத்தேன்.

ஊரில் துணி கிடையாது, ஜனங்கள் சாக்கு கட்டுகிறார்கள், நீ கல்லுக்குச் சட்டை தைக்கிறாயே என்று தனலெட்சுமி சண்டை. சரிதான். காலர் துணியில் தைத்தது ஒன்றாம் நம்பருக்கு.

ஆகஸ்ட் 19

போலீஸ் ஆள் வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு போனான். சூரி பாராங் அடா? திருட்டுச் சாமான் இருக்கா? கொள்ளையடித்தவர்கள் தலையை வெட்டிக் கம்பத்தில் வைத்ததை ஊரே பார்த்தது.

இல்லை என்றேன். மாதாவே, அது பொய்யா?

சூரி என்றால் திருடுவது. இவர் திருடவில்லை. ஆபீஸ் சாமானை ஆபீஸ் ஆள் எடுத்து வைத்தார். ஆனால் யார் சொன்னது எடுத்து வை என்று? துரை ரயிலேறிப் போய்விட்டார். எழுத்தில் ஒன்றும் இல்லை. பியானோவை இழுத்தவனுக்கும் இவருக்கும் என்ன வித்தியாசம் என்று யாராவது கேட்டால் நான் எதைக் காட்டுவேன்?

ஒன்றுதான் தோன்றுகிறது. வந்தது வந்தபடியே, ஒன்றும் குறையாமல் திருப்பிக் கொடுக்க வேண்டும். அப்போதுதான் அவர் பேர் நிற்கும்.

அக்டோபர் 31, சனி

திங்கட்கிழமை ஆத்துமாக்கள் நாள். செராஸ் ரோட்டுக் கல்லறைக்குப் போக வேண்டும். குத்துவிளக்கையும் செம்பையும் தேய்க்க எடுத்தவள் எடைப் பெட்டியையும் திறந்தேன்.

நீல வெல்வெட்டில் குழி குழியாக, பெரியதிலிருந்து சின்னது வரைக்கும் எடைக்கற்கள், வரிசையாகப் பித்தளைப் பிள்ளைகள். வெள்ளத்து ஈரத்தில் கறுத்துப் பச்சை பூத்திருந்தது. இதற்கு மட்டும் அவர் என்னைக் கை வைக்க விட்டதில்லை. “கை பட்டா அழுக்காயிடும்” என்பார். தந்தமுனை இடுக்கியால்தான் தூக்குவார். அப்படிப் பார்த்துக்கொண்டதை இப்படி விடலாமா?

புளி வருவது நின்று எவ்வளவோ நாளாச்சு. பானையடியில் எலுமிச்சங்காய் அளவு வைத்திருந்தேன், கிறிஸ்துமஸ் குழம்புக்கு. அதைக் கரைத்தேன். சாம்பல் போட்டு ஒவ்வொன்றாகத் தேய்த்தேன். தேய்த்துக் கழுவி வெள்ளைத் துணியில் ஒற்றி எடுத்தேன். பொன் மாதிரி ஆகிவிட்டது! சின்னதிலும் சின்னது சுண்டுவிரல் நகம் அளவு, அதையும் விடவில்லை.

உயிரைக் கொடுத்து எடுத்துவந்தது. அவர் பார்த்தால் சந்தோஷப்படுவார்.

நவம்பர் 2

கல்லறையில் சொன்னேன். எல்லாம் பளபளவென்று இருக்கிறது, கவலைப்படாதீர்கள் என்று.

1943 பிப்ரவரி 9

இதை எப்படி எழுதுவது.

ராதாகிருஷ்ணன் வந்தான். ஆபீசில் துரைக்குக் கீழே கெமிஸ்ட் வேலை பழகிக்கொண்டிருந்தவன். இவரை அண்ணன் என்று கூப்பிடுவான். இப்போது அதே கட்டடத்தில் ஜப்பான்காரனிடம் வேலை. அண்ணன் போன விஷயம் இவ்வளவு நாள் தெரியாது என்று அழுதான். நம்பி எல்லாவற்றையும் காட்டினேன். பைகளைப் பார்த்து, “அக்கா, எங்க ஆபீஸ்லயே இப்படி ஒழுங்கா இருந்ததில்ல” என்றான். எனக்குப் பெருமை. அந்தப் பெருமையில் எடைப் பெட்டியையும் திறந்து காட்டினேன்.

அவன் முகம் போன போக்கைப் பார்த்து உள்ளே தேள் கிடக்கிறதோ என்று நினைத்தேன்.

“எதைப் போட்டுத் தேய்ச்சீங்க?”

“புளி. சாம்பல்.”

ஒரு சிரிப்பு வந்தது அவனுக்கு, நல்ல சிரிப்பு இல்லை. பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். “அக்கா, புளி பித்தளையைத் தின்னுடும்.”

“அழுக்கைத்தானே தம்பி தின்னும்?”

“அந்தக் கறுப்பும் பச்சையும் பித்தளைதான் அக்கா. அதையும் சேர்த்துத்தான் எடை.”

“எவ்வளவு போயிருக்கும்?”

“கண்ணுக்குத் தெரியாது. கையில தூக்கினாலும் தெரியாது.”

“அப்ப யாருக்குத்தான் தெரியும்?”

“தராசுக்கு.”

கண்ணுக்குத் தெரியாததுக்கா இந்தப் பாடு என்று கேட்டேன். எங்க வேலையே அதுதான் என்றான். விரல் பட்டால் விரல் எண்ணெய் ஒட்டிக்கொண்டு கனம் கூடுமாம். அதற்காகத்தான் இடுக்கி. அழுக்குக்காக இல்லை. அவன் போகும்போது சொன்னான் — விடுங்க அக்கா, யாருக்கும் தெரியாது, நானும் சொல்ல மாட்டேன்.

பிப்ரவரி 10

நீங்க ஏன் எனக்கு விவரமா சொல்லலை? அழுக்காயிடும்னு சொன்னா நான் என்னன்னு நினைப்பேன்? அழுக்குன்னா தேய்க்கத்தானே எனக்குத் தெரியும்? காலைக் கிழிச்சுக்கிட்டு, மூணாவது நடை போய், கொண்டாந்து என் கையில கொடுத்தீங்க. நான் கரைச்சு ஊத்திட்டேனே. எந்த வடிகால்ல போச்சோ. எந்த ஆத்துல போச்சோ.

பிப்ரவரி 11

ஒன்றும் சமைக்கவில்லை.

மார்ச் 21, ஞாயிறு

கார்த்திகேசு ஐயாவிடம் சொல்லிவிட்டேன். அவர் பெரிய புத்தகத்தைக் கேட்டு வாங்கினார். முதல் பக்கம். முதல் துரையின் கையெழுத்து, அம்பாங் கல்லின் கணக்கு. ஓர் எண்ணின் மேல் ஒரே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் வேறு எண் எழுதி, கீழே சின்னக் கையெழுத்து.

“என்ன பிள்ளை தெரியுது?”

“தப்பு பண்ணியிருக்காரு.”

“ஓம். முதல் நாளே பிழை. ஆனா சுரண்டி அழிக்கேல்ல பாரும். அவையின்ர முறை அது. ஒரு கோடு, அவ்வளவுதான். கோட்டுக்குக் கீழ கிடக்கிற பிழை ஆரும் வாசிக்கக்கூடியதா இருக்க வேணும். நாப்பத்தாறு வருசத்துக்குப் பிறகு, ஆர் எண்டே தெரியாத மனுசன்ர பிழையை நீரும் நானும் இருந்து பாக்கிறம்.”

நான் பக்கம் பக்கமாகத் திருப்பினேன். எத்தனை கோடுகள்! பெய்ன்ஸ் துரை பக்கத்தில்கூட. இவ்வளவு படித்தவர்கள்.

இன்று சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 14

ராதாகிருஷ்ணன் மறுபடியும் வந்தான், ஆள் இளைத்துவிட்டான். ஆபீசில் ஜப்பான் பெரியவர் பழைய புத்தகத்தைக் கேட்கிறாராம், எந்த மலையில் என்ன கல் என்று அதில் இருப்பதால். சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் பிடிக்கிறார்கள், என் பேரும் வரும் போலிருக்கிறது, இதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் என்னை விட்டுவிடுவார்கள் அக்கா என்றான்.

“எங்க கிடைச்சதுன்னு என்ன எழுதுவே?”

அவன் பெரிய புத்தகத்தின் அட்டையைத் தடவினான்.

“திருடினவன் வீட்டுலேன்னா, பத்திரமா வச்சிருந்தவன் வீட்டுலேன்னா?”

“அவங்க எல்லாத்தையும் திருட்டுன்னுதான் எழுதுவாங்க அக்கா.”

கொடுக்க மாட்டேன் என்றேன். அவன் கோபப்படவில்லை. வேறு ஆளாக இருந்தால் அப்போதே போய்ச் சொல்லியிருப்பான். என்னைக் காட்டிக்கொடுத்தாலே அவனுக்கு ஆதாயம். செத்தவர் பேருக்காக உயிரோடு இருக்கிறவனை அனுப்பிவிட்டேனோ?

செப்டம்பர் 2

ராதாகிருஷ்ணன் பேர் சயாம் லிஸ்டில் வரவில்லை. ஸ்தோத்திரம்.

1944 ஜனவரி 22

அவர் போய் இரண்டு வருஷம்.

ஏப்ரல் 5

இன்றும் ஊபிக்கிழங்குதான்.

ஜூன் 16

கால் வீக்கம் வடியவில்லை. சோறு சாப்பிட்டால் சரியாகும் என்கிறார்கள், எல்லோருக்கும் தெரிந்த மருந்து. பித்தளைக்கு இப்போது நல்ல கிராக்கி என்று தனலெட்சுமி சொன்னாள். எதற்கும் ஆகாமல் போன எடைக்கற்கள்தானே என்று முந்தானைக்குள் மறைத்து மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவுக்கு நடந்தேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது. நடந்தேன்.

ஜவுளிக் கடை பீர் முகம்மது பாய். கடையில் ஜவுளி இல்லை, அலமாரி மட்டும். பெட்டியைத் திறந்தவுடன் கண் விரிந்தது. “தங்கம் நிறுக்கிறவன் அள்ளிக்கிட்டுப் போவான்ம்மா. அரிசியே வாங்கித் தரேன்.”

வாய் சும்மா இருக்கக் கூடாதா? “பாய், இது சரியா நிக்காது. நான் புளி போட்டுத் தேய்ச்சிட்டேன்” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், வயிறு குலுங்கச் சிரித்தார். “முப்பது வருஷமா இந்தத் தெருவுல உக்காந்திருக்கேன். விக்க வந்த சாமானை வித்தவங்களே குத்தம் சொல்லி இன்னிக்குத்தான் கேக்குறேன். எடுத்துக்கிட்டுப் போ தாயி. உனக்கு வியாபாரம் ஆகாது.” உள்ளே போய்க் கால் படி குருணை கொண்டுவந்து கொடுத்தார். வேண்டாம் என்றதற்கு, சிரிக்க வச்சதுக்கு என்றார்.

வாங்காமல் விட்டுப் பாயே காப்பாற்றினார் என்னை.

செப்டம்பர் 27

ரேடியோ ஒளித்து வைத்திருக்கிறார்களா என்று தேடி எங்கள் வரிசைக்கு வந்துவிட்டார்கள். எதை எங்கே ஒளிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. தனலெட்சுமிதான் வேலி வழியே பாய்ந்து வந்தாள், “கொடுடி எல்லாத்தையும்!” பைகளை விறகுக்கு அடியில், புத்தகத்தையும் எடைப் பெட்டியையும் ஆட்டுக் கொட்டகையில் தழைக்கு அடியில். சிப்பாய் கொட்டகை வரை வந்தான், ஆட்டுப் புழுக்கை நாற்றத்தில் மூக்கைப் பிடித்துக்கொண்டு திரும்பிவிட்டான்.

எல்லாம் முடிந்து போய்ப் பார்த்தால் ஒரு பை அவிழ்ந்து கொட்டகைப் பக்கம் விழுந்திருக்கிறது. இருபத்தொன்பதாம் நம்பர். கல் இருக்கிறது. சீட்டைக் கிடா தின்றுகொண்டிருக்கிறது.

தனலெட்சுமி கிடாவின் வாய்க்குள் கையை விட்டாள். அரை சீட்டு வந்தது. “மீதி நாளைக்கு வரும், வேணும்னா எடுத்துக்க” என்றாள். அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டேன். கல் கல் என்று என்னைக் கேலி செய்கிறவள் அந்தக் கல்லுக்காகத் தன் கழுத்தைக் கொடுக்க நின்றாள்.

இருபத்தொன்பதுக்கு அவர் சொன்னதை ஞாபகம் பண்ணித் தமிழில் எழுதிப் பையில் போட்டேன். கிள்ளான் ஆற்றுப் பக்கத்துக் கல். சிவப்பு. இரும்பு. காய்ச்சினால் கறுக்கும். அதற்கு மேல் தெரியாது.

1945 மார்ச் 10, சனி

பகலில் குண்டு. ரயில்வே பக்கம் எல்லாம் புகை. இந்தத் தடவை போடுகிறவன் வெள்ளைக்காரன். வடிகாலுக்குள் நான், தனலெட்சுமி, இரண்டு ஆடு, கார்த்திகேசு ஐயா. ஐயா மடியில் பெரிய புத்தகம். பூமி குலுங்கும்போதெல்லாம் அதன் மேல் குனிந்து மூடிக்கொண்டார். கூரை ஓடு பாதி போச்சு. கற்களுக்கு ஒன்றும் இல்லை, கல்லுக்கு என்ன.

மியூசியத்திலும் குண்டு விழுந்து எல்லாம் போய்விட்டது என்கிறார்கள். அங்கே கொடுத்து வைக்கலாமா என்று போன மாதம்தான் ஐயாவைக் கேட்டிருந்தேன்.

ஆகஸ்ட் 24

சண்டை முடிந்துவிட்டதாகச் சொல்கிறார்கள். யாரும் சத்தமாகச் சொல்லவில்லை.

செப்டம்பர் 30, ஞாயிறு

வெள்ளைக்காரப் பட்டாளம் வந்து இரண்டு வாரம் ஆச்சு. கொள்ளை போன சர்க்கார் சாமான், கம்பெனிச் சாமான் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று நோட்டீஸ். சோதனை ஆபீஸ் சாமானை அங்கேயே வாங்கிக்கொள்கிறார்களாம்.

பெய்ன்ஸ் துரை சிங்கப்பூர்ச் சிறையில் இறந்துவிட்டார். ராதாகிருஷ்ணன் வந்து சொன்னான். நான் அவரைத்தான் நம்பிக்கொண்டிருந்தேன். இவரைத் தெரிந்த துரை இனி ஒருவரும் இல்லை.

அக்டோபர் 13

ராதாகிருஷ்ணன் முன்கூட்டியே சொல்லிவிட்டான்: “நான் கூட வர முடியாது அக்கா. ஜப்பான்காரன்கிட்ட வேலை செஞ்சவன் நான், என்னையே விசாரிச்சுக்கிட்டு இருக்காங்க. நான் சாட்சி சொன்னா அது அண்ணனுக்கும் கெடுதல்.” பிறகு, “புளி விஷயத்தைச் சொல்லாதீங்க. புதுசா வந்திருக்கிறவரு சின்ன வயசு. பெட்டியை மூடிக் கொடுத்திட்டு வந்திடுங்க. குறைஞ்சதுன்னு தெரிஞ்சா மத்ததையும் சந்தேகப்படுவாங்க. அண்ணன் பேர்தான் கெடும்.”

அவன் சொல்வது நியாயம். மூன்றே முக்கால் வருஷம் வைத்திருந்தது இதற்காகத்தானே? முழுசாக இருக்கிறது என்று சொன்னால் முழுசுதான். யாருக்கும் தெரியாது.

அந்த எடையை நம்பி யாராவது எதையாவது நிறுப்பார்கள். அந்தப் புத்தகத்தில் எழுதுவார்கள். அது தப்பாக இருக்கும், அதன் மேல் கோடு போட ஒருவருக்கும் தெரியாது.

கார்த்திகேசு ஐயாவிடம் போனேன். நான் சொல்லச் சொல்ல இங்கிலீஷில் எழுதினார். ஒன்று, எடைக்கற்கள் எல்லாம், புளியும் சாம்பலும் போட்டு, 1942 அக்டோபர் 31. இரண்டு, இருபத்தொன்பதாம் நம்பர் சீட்டில் பாதி, ஆடு. கீழே கையெழுத்து போடச் சொன்னார். தமிழில் போட்டேன், சாந்தமேரி.

“யோசிச்சுத்தானே பிள்ளை?” என்றார்.

யோசிக்கவில்லை ஐயா, பயமாக இருக்கிறது என்றேன்.

அக்டோபர் 15, திங்கள்

நடந்தது நடந்தபடியே எழுதிவிடுகிறேன்.

தனலெட்சுமியும் நானும் தள்ளுவண்டியில் தள்ளிக்கொண்டு போனோம். ஆபீஸ் வாசலில் வரிசை. ஒருவரிடம் நாற்காலி, ஒருவரிடம் டைப் மிஷின், ஒரு சீனர் வீட்டுக் கதவாகப் போட்டிருந்த அலமாரிக் கதவைக் கழற்றிக்கொண்டு வந்திருந்தார். மேசையில் மலாய்க்காரக் கிராணி. அவர் பின்னால் பட்டாள உடுப்பில் வெள்ளைக்காரர், மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை, அவர்தான் புதுக் கெமிஸ்ட்.

“இனி சூரி பாராங்?” என்றார் கிராணி, தலை நிமிராமல். திருட்டுச் சாமானா?

“சூரி இல்லை. சிம்பான்” என்றேன். எடுத்து வைத்தது. பத்திரமாக வைத்தது.

கிராணி சிரித்தார். வரிசையில் எல்லோரும் இதையேதான் சொன்னார்களாம். கதவுக்காரச் சீனர்கூடச் சிம்பான் என்றுதான் சொன்னாராம். தனலெட்சுமி, “ஏன்யா, கல்லை எவனாவது திருடுவானா? மூளை இருக்கா?” என்று தமிழில் கத்தினாள். அந்தச் சத்தத்தில் வெள்ளைக்காரர் எழுந்து வந்தார்.

ஒன்றாம் நம்பர் பையை அவிழ்த்தார். கல்லைக் கையில் வைத்துச் சீட்டைப் படித்தார். அடுத்தது. அடுத்தது. வரிசையில் நிற்பவர்களை மறந்துவிட்டார். பெரிய புத்தகத்தைத் திறந்து நம்பரை ஒத்துப் பார்த்தார், நாற்பத்தொன்றையும். ஐயா எழுதிய தாளை நீட்டினேன். ஆடு வந்த இடத்தில் சிரித்தார். மற்றதைப் படித்தபோது சிரிக்கவில்லை.

எடைப் பெட்டியைத் திறந்தார். என்னிடம் மலாயில் கேட்டார், யார் தேய்த்தது?

“நான், துவான்.”

“ஆசாம்?” புளியா?

“ஆசாம்.”

இடுக்கியால் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “தா போலே பாக்காய் லாகி” என்றார். இனிமேல் உபயோகிக்க முடியாது. தெரிந்ததுதான். தெரிந்திருந்தும் அழுகை வந்துவிட்டது. முழுசாகக் கொடுக்கத்தான் நினைத்தேன் துவான் என்று தமிழில் சொன்னேன், அவருக்கு என்ன புரியும்.

அவர் அதை அதன் குழியிலேயே திரும்ப வைத்தார். மூடியைச் சாத்தினார். மூலையில் உடைந்த சாமான் குவியல் ஒன்று கிடந்தது, அதில் வைக்கவில்லை. பெரிய புத்தகத்தின் பக்கத்தில் வைத்து, ஐயா எழுதிய தாளை மடித்துப் பெட்டிக்குள் போட்டார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். இன்னொரு தாளை எடுத்துக் கிராணியிடம் நீட்டினார், கொள்ளைச் சாமான் லிஸ்ட் இல்லை, வேறு தாள். என்னைக் கேட்டார்:

“சியாபா சிம்பான்?”

யார் எடுத்து வைத்தது?

கிராணி பேனாவை மையில் தொட்டுக்கொண்டு காத்திருந்தார். தனலெட்சுமி வாயைத் திறந்தாள், நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். கல்யாணமாகி இருபத்து நாலு வருஷம். அந்தப் பேரை நான் வாயால் சொன்னதில்லை. ஆஸ்பத்திரியில் கேட்டபோதுகூடப் பக்கத்துக் கட்டில்காரர்தான் சொன்னார். இந்த நோட்டிலும் எழுதியதில்லை.

“ஸ்டானிஸ்லாஸ்” என்றேன்.

கிராணிக்குப் பிடிபடவில்லை. இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன். எழுத்துக் கூட்டிக்கொண்டே மறுபடியும் கேட்டார். மறுபடியும் சொன்னேன், இன்னும் கொஞ்சம் சத்தமாக.